லைட்ஹவுஸ் வீட்டுப் பிள்ளை

கரையோரம்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், சின்னப் பிள்ளைகளுக்கு என்ன கதைப் புத்தகம் வாங்கித் தரலாம் என்று ஒருவர் கேட்டதற்கு, 'புதையல் தீவு' வாங்கிக் கொடுங்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்திருக்கிற கடிதங்களைப் பார்த்தால் இந்த இதழில் வேறு எதற்கும் இடம் இருக்காது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் பற்றியும் குடிதண்ணீர் லாரி பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை முழுக்க முழுக்க அந்தக் கதையை எழுதிய ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன்தான்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் கலங்கரை விளக்கத் துறையில் சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவன். இந்த மனிதர் விஷயத்தில் எனக்குப் பாரபட்சம் உண்டு. ஏன் என்பது முதல் பதிலிலேயே தெரிந்துவிடும்.

'புதையல் தீவு' எழுதியவர் மாலுமியா? கப்பல், பாய்மரம், நங்கூரம் எல்லாம் கூடவே இருந்து பார்த்தவர் மாதிரி எழுதியிருக்கிறாரே?
– கல்லூரி மாணவி, கீழக்கரை

மாலுமி இல்லை மகளே. மாலுமிகளுக்கு விளக்கு ஏற்றிய வீட்டுப் பிள்ளை. 1850 நவம்பர் 13-ம் தேதி எடின்பரோவில் பிறந்தார். தாத்தா ராபர்ட், பெரியப்பாக்கள் ஆலன், டேவிட், அப்பா தாமஸ் – எல்லோருமே லைட்ஹவுஸ் கட்டிய இன்ஜினியர்கள். ஸ்காட்லாந்துக் கரையில் எந்த முனையில் போய் நின்றாலும் அந்தக் குடும்பத்து வேலை ஒன்று கண்ணில் படும்.

தாத்தா வேலை பார்த்தது பெல் ராக் என்ற பாறையில். கரையிலிருந்து சுமார் 11 மைல் தள்ளி, வடகடலுக்குள் இருக்கிறது. கடல் ஏறினால் பாறையே தெரியாது. வற்றும்போது கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் இறங்கி அஸ்திவாரம் வெட்ட வேண்டும், தண்ணீர் ஏறுவதற்குள் படகுக்கு ஓட வேண்டும். 1807-ல் தொடங்கி, 1811 பிப்ரவரி 1-ம் தேதி விளக்கு ஏற்றினார்கள். அந்தக் கோபுரம் இன்றைக்கும் நிற்கிறது. அப்புறம் பெரியப்பா ஆலன், மேற்கே அட்லாண்டிக் பக்கம் ஸ்கெரிவோர் என்ற பாறைமேல் கட்டினார். அதில் 1844-ல் விளக்கு ஏற்றினார்கள்.

அப்பா தாமஸ் கண்ணாடி வேலையில் கெட்டிக்காரர். விளக்கு என்றால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறும். வானத்துக்குப் போகிற வெளிச்சத்தால் கப்பல்காரனுக்கு என்ன லாபம்? அதைப் பட்டகங்களால் பிடித்து வளைத்து, ஒரே கற்றையாகக் கடல் பக்கம் அனுப்புகிற வழியை அவர் செம்மைப்படுத்தினார். அந்த வகைக் கண்ணாடியைத் துடைத்த கை இது. துடைக்கப் போகும்போது மோதிரத்தைக் கழற்ற வேண்டும், சட்டைப் பொத்தான் உரசாமல் மேலே ஒரு துணி கட்டிக்கொள்ள வேண்டும். வெயில் ஏறுவதற்குள் திரையை இழுத்து மூடிவிட வேண்டும். மறந்தால், இரவில் வெளிச்சத்தை வெளியே அனுப்புகிற அதே கண்ணாடி பகலில் சூரியனை உள்ளே திரட்டித் தீ வைத்துவிடும்.

தாமஸ் ஸ்டீவன்சனின் இன்னொரு வேலையை நீயே பார்த்திருப்பாய். வானிலை நிலையங்களில் நாலு கால்மேல் ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கும், பக்கமெல்லாம் சாய்வுச் சட்டம் அடித்து, காற்று நுழையும், வெயில் நுழையாது. உள்ளே வெப்பமானி இருக்கும். நம் பக்கத்தில் கதவை வடக்குப் பார்த்து வைப்பார்கள், திறக்கும்போது வெயில் படக்கூடாது என்று. அதற்குப் பெயரே ஸ்டீவன்சன் பெட்டி. 'பாம்பனில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்று ரேடியோவில் கேட்கிறோமே, அந்த மாதிரி எச்சரிக்கைகளுக்குப் பின்னால் உலகம் முழுக்க இப்படிப்பட்ட பெட்டிகளில் எடுத்த கணக்கும் இருக்கிறது.

இத்தனை செய்தும் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் காப்புரிமை வாங்கவில்லை. அரசாங்க வேலையில் இருந்துகொண்டு கண்டுபிடித்தது நாட்டுக்குத்தான் சொந்தம் என்பது அவர்கள் கொள்கை. அதனால் வெளியே பெயரும் பரவவில்லை. அப்பாவைப் பற்றி மகன் எழுதிய கட்டுரையில் ஒரு வேடிக்கை வரும். பெரு நாட்டுக்காரர் ஒருவர், 'எழுத்தாளர் ஸ்டீவன்சனைத் தெரியுமா? அவர் புத்தகங்களுக்கு எங்கள் நாட்டில் நல்ல மதிப்பு' என்று விசாரித்தாராம். கேட்ட நண்பர், கதை எழுதுகிற மகனைச் சொல்கிறார் என்று நினைத்தார். பெருக்காரர் சொன்னதோ அப்பா எழுதிய லைட்ஹவுஸ் புத்தகங்களை. மகனைப் பற்றி அவர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

அவர் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறாரா, கரையில் உட்கார்ந்து எழுதினவர்தானா?
– சங்கு குளிப்பவர், பெரியபட்டினம்

இறங்கியிருக்கிறார். 1868-ல், பதினேழு வயதில், ஸ்காட்லாந்தின் வடகோடியில் விக் என்ற ஊருக்கு அப்பா வேலை பழக அனுப்பினார். ஹெர்ரிங் மீனுக்குப் பெயர்போன துறை. அங்கே அவர்கள் கம்பெனி அலைதடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருந்தது. நம் ஊர்களில் தூண்டில் வளைவு கேட்டு மனுக் கொடுக்கிறார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை, அளவு மட்டும் பல மடங்கு.

சுவருக்குக் கல் அடுக்குவது கடலடியில். முழுக்கவசம் போட்ட குளியாட்கள் இறங்கி அடுக்குவார்கள். தானும் இறங்க வேண்டும் என்று பையனுக்கு ஆசை. உள்ளே கம்பளி மேல் கம்பளி, காலுக்குக் கால் 20 ராத்தல் ஈயம், தலையில் பித்தளைக் கவசம். கவசத்தை மாட்டியதும் பாரம் தாங்காமல் முதுகு இரண்டாக வளைந்துவிட்டதாம். கூட இறங்கியவர் பாப் பெயின் என்ற பழகின குளியாள். கீழே போனபின் அவர், ஆள் உயரக் கல் ஒன்றைக் காட்டி 'ஏறு' என்று சைகை காட்டினார். இவ்வளவு ஈயத்தோடு எப்படி ஏறுவது என்று பையனுக்குச் சிரிப்பு. சும்மா காலை உந்திப் பார்த்தார். உடம்பு பறவை மாதிரி எழும்பிக் கல்லையும் தாண்டி மேலே போய்விட்டது. பெயின் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

உங்களுக்கு இது புதிதில்லை. முத்துக்குளிப்புக் காலத்தில் கல்லை மிதித்துக்கொண்டு இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். ஒரு மூச்சில் போய் ஒரு மூச்சில் வருகிறவருக்கு, குழாயில் காற்று அனுப்பி, மேலே ஆள் நின்று பம்பு அடித்து நடக்கிற இந்தக் குளியல் கல்யாண ஊர்வலம் மாதிரித் தோன்றலாம். ஆனால் கடலடியில் எடை எப்படி மாறுகிறது, பச்சை வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று அவர் எழுதியிருப்பதைப் படித்தால், 'ஆமாம், இவன் இறங்கியிருக்கிறான்' என்று நீங்களே சொல்வீர்கள்.

அந்தச் சுவர் என்ன ஆயிற்று என்றும் சொல்ல வேண்டும். 1872-ல் ஒரு புயல், சுவரின் முனையில் 1350 டன் எடையுள்ள பகுதியை அப்படியே நகர்த்திக் கொண்டுபோனது. அதற்குப் பதிலாக 2600 டன்னில் வைத்தார்கள். 1877-ல் அதுவும் போயிற்று. அப்பாவின் வாழ்க்கையில் பெரிய தோல்வி விக் துறைமுகம்தான் என்று மகனே ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருக்கிறார். எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் மதிப்பு கூடியது அந்த இடத்தில்தான்.

அவர் இந்தியாவுக்கு வந்திருக்கிறாரா?
– வாசகர், தேவிபட்டினம்

இல்லை. 1889-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் பாலன்ட்ரே' நாவலில் செகுந்திரா தாஸ் என்று ஓர் இந்தியரை மட்டும் கொண்டுவந்தார். ஆளை உயிரோடு புதைத்து மறுபடி எழுப்புகிற வித்தைக்காரர். நம்மை நேரில் பார்க்காமல் எழுதினால் இப்படித்தான் வரும்.

புதையல் தீவுக் கதை எப்படிப் பிறந்தது? நிஜத் தீவா? நம் மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஞாபகம் வருகிறது.
– படகு ஓட்டுநர், மண்டபம்

மழையில் பிறந்தது. 1881 கோடையில் குடும்பத்தோடு பிரேமார் என்ற மலையூரில் தங்கியிருந்தார். கோடை என்று பெயர்தான், வெளியே கால் வைக்க முடியாத மழை. மனைவி ஃபேனிக்கு முதல் திருமணத்தில் பிறந்த மகன் லாயிட், பதின்மூன்று வயது, வண்ணப்பெட்டியை வைத்துக்கொண்டு படம் போட்டுக்கொண்டிருந்தான். இவரும் சேர்ந்து ஒரு தீவின் படம் போட்டார்கள். துறை எது, குன்று எது, மணல் திட்டு எது என்று பெயர் வைத்தாயிற்று. படம் முடிந்ததும், இந்தக் குன்றுக்குப் பின்னால் யார் ஒளிந்திருப்பார்கள் என்ற கேள்வி தானாக வந்தது. தீவு நிஜமில்லை. ஆனால் முதலில் வந்தது படம், பிறகுதான் கதை. லைட்ஹவுஸ் ஆபீஸில் வளர்ந்த பையனுக்கு அப்படித்தான் வரும், கரையின் வரைபடம் இல்லாமல் கப்பலை நகர்த்த மாட்டான்.

பதினைந்து நாளில் பதினைந்து அத்தியாயம் எழுதினார். எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டுவார். கேட்டவர்களில் ரொம்ப உற்சாகமானவர் யார் தெரியுமா? அறுபதைத் தாண்டிய அப்பா. இரவு தூங்கப் போகும்போது தனக்குத்தானே கடற்கொள்ளைக் கதை சொல்லிக்கொள்கிற பழக்கம் அவருக்கு உண்டாம். பில்லி போன்ஸ் என்ற கிழட்டு மாலுமி செத்ததும் அவன் பெட்டியைத் திறந்து பார்ப்பார்களே, அதற்குள் என்னென்ன சாமான் இருக்க வேண்டும் என்று ஒரு நாள் பூராவும் உட்கார்ந்து, ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தார். மகன் அதை அப்படியே வைத்துக்கொண்டார். கதையில் வருகிற கொள்ளைத் தலைவன் ஃபிளின்ட்டின் கப்பலுக்கு 'வால்ரஸ்' என்று பெயர் வைத்ததும் அப்பாதான். மழை பெய்கிற வீட்டில், அரசாங்கத்துக்கு விளக்குக் கட்டுகிற பெரிய மனிதர், கொள்ளைக்காரன் பெட்டியில் துணி எத்தனை, துப்பாக்கி எத்தனை என்று கணக்கெழுதுவதை நினைத்துப் பாருங்கள்.

பதினாறாவது அத்தியாயத்தில் கதை நின்றுவிட்டது. குளிர்காலத்தில் நுரையீரலுக்காக சுவிட்சர்லாந்தின் டாவோஸுக்குப் போன இடத்தில்தான் மீதி வந்தது. முதலில் ஒரு சிறுவர் பத்திரிகையில் 'கேப்டன் ஜார்ஜ் நார்த்' என்ற புனைபெயரில் தொடராக வெளியானது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1883-ல் புத்தகமாக வந்தபோதுதான் பெரியவர்களே விளக்கு வைத்து விடிய விடிய வாசித்தார்கள். கிடைத்தது 100 பவுண்டு.

வரைபடத்தின் கதி: பதிப்பாளருக்கு அனுப்பிய மூலப்படம் வழியில் தொலைந்துபோனது. படத்தை வைத்துக் கதை எழுதியவர், இப்போது கதையைத் தோண்டித் தோண்டிப் படம் போட வேண்டிய நிலை. அப்பாவின் ஆபீஸில் வைத்து மறுபடி வரைந்தார்கள். இரண்டாவது படம் தனக்கு ஒருபோதும் நிஜமான புதையல் தீவாகத் தோன்றவில்லை என்று பிற்பாடு குறைப்பட்டிருக்கிறார். நீங்கள் கடையில் வாங்கினால் படம் இருக்கிறதா என்று பக்கம் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். படம் இல்லாத சுருக்கப் பதிப்பை எவனாவது இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

'புதையல் தீவில்' வருகிற ஒற்றைக்கால் கொள்ளைக்காரன் சில்வர் உண்மையான ஆளா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், தொண்டி

கால் உண்மை, கொள்ளை கற்பனை. வில்லியம் ஹென்லி என்ற கவிஞருக்கு எலும்புக் காசநோயால் ஒரு கால் போய்விட்டது. இன்னொன்றையும் எடுக்க வேண்டும் என்றபோது, எடின்பரோவில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் அதைக் காப்பாற்றினார். 1875-ல் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் ஸ்டீவன்சன் அவரை முதலில் பார்த்தார். உரத்த குரல், சிவந்த தாடி, அடக்க முடியாத தெம்பு. உன் உடைந்த உடம்பின் பலத்தைப் பார்த்துத்தான் சில்வர் உருவானான் என்று ஸ்டீவன்சனே அவருக்குக் கடிதம் எழுதினார். நல்லவரின் நல்ல குணங்களையெல்லாம் உருவி எறிந்துவிட்டு, தைரியத்தையும் சுறுசுறுப்பையும் மட்டும் கொள்ளைக்காரனுக்குக் கொடுத்துப் பார்த்தாராம். அதனால்தான் தம்பி, சில்வர் ஆளைக் கொன்ற பிறகும் உனக்கு அவனைப் பிடிக்கிறது.

என் மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். படிப்பை விட்டுவிட்டு வீடியோ எடுக்கப் போகிறானாம். கேட்டால், 'நீங்கள் படிக்கிற ஸ்டீவன்சனும் இன்ஜினியரிங்கை விட்டவர்தானே' என்கிறான். என்ன பதில் சொல்வது?
– ஒரு தகப்பனார், திருப்புல்லாணி

மகன் பாதிதான் படித்திருக்கிறான் ஐயா. மீதியை நான் சொல்கிறேன்.

ஸ்டீவன்சன் 1867-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் சேர்ந்தார். வகுப்புக்கு ஒழுங்காகப் போனதில்லை. ஆனாலும் 1871 மார்ச்சில், லைட்ஹவுஸ் வெளிச்சத்தை விட்டு விட்டுக் காட்டுவதற்கு ஒரு புது முறை பற்றி அறிஞர் சபையில் கட்டுரை வாசித்தார். அதற்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. எந்த விளக்கு எந்த இடைவெளியில் மின்னுகிறது என்பதை வைத்துத்தான் மாலுமி இருட்டில் ஊரைக் கண்டுபிடிப்பான், அதனால் அது விளையாட்டு விஷயமில்லை. கட்டுரை வாசித்த கொஞ்ச நாளில், ஒரு நடைப்பயணத்தில் அப்பாவிடம் சொல்லிவிட்டார், எனக்கு இந்த வேலை வேண்டாம், எழுதப் போகிறேன் என்று.

அப்பா கத்தவில்லை. ஒரே நிபந்தனை வைத்தார்: எழுது, ஆனால் கைக்கு ஒரு தொழில் வேண்டும், வக்கீலுக்குப் படி. மகன் படித்து 1875-ல் வக்கீலானார். வீட்டு வாசலில் பித்தளைப் பலகையும் மாட்டினார்கள். வந்த வழக்குகளை விரல்விட்டு எண்ணலாம். அப்புறம் மதம் பற்றி அப்பாவுக்கும் மகனுக்கும் பெரிய தகராறு. அப்புறம் பிரான்ஸில் சந்தித்த, தன்னைவிடப் பத்து வயது மூத்த, குழந்தைகள் உள்ள அமெரிக்கப் பெண் ஃபேனியைத் தேடி 1879-ல் வீட்டுக்குச் சொல்லாமல் கப்பல் ஏறிவிட்டார். கலிஃபோர்னியாவில் பட்டினி, காய்ச்சல், சாவின் வாசல்வரை போய் வந்தார். விஷயம் தெரிந்ததும் அப்பா தந்தி அடித்தார்: வருஷம் 250 பவுண்டு உண்டு என்று. 1880 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் திருமணம்.

அதாவது, முப்பத்தைந்து வயதுவரை அந்த எழுத்தாளர் அப்பாவின் காசில்தான் பெரும்பாலும் ஓடினார். 1886 ஜனவரியில் 'டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்' என்ற கதை வந்து, ஆறே மாதத்தில் 40,000 பிரதி விற்ற பிறகுதான் கையில் சொந்தக் காசு பார்த்தார். அடுத்த வருஷமே அப்பா இறந்துவிட்டார்.

உங்களால் அவ்வளவு காலம் தாங்க முடியுமா என்று நீங்கள் யோசியுங்கள். நாலாம் வருஷத்தை முடித்துவிட்டு வீடியோ எடுக்கலாமே என்று அவனிடம் கேளுங்கள். ஸ்டீவன்சனின் அப்பா கேட்டதும் அதைத்தான்.

எங்கள் காலத்துத் துணைப்பாடத்தில் ஒரு பையன் தீவில் மாட்டிக்கொண்டு பச்சைச் சிப்பி தின்று வாடுவான். அது இவர் கதையா?
– இல்லத்தரசி, தங்கச்சிமடம்

இவருடையதுதான் அம்மா. 1886-ல் வந்த 'கிட்னாப்ட்'. பையன் பெயர் டேவிட் பால்ஃபர். கப்பல் உடைந்து எர்ரைட் என்ற சின்னத் தீவில் ஒதுங்குகிறான். நாலு நாள் மழையில் நனைந்து, பாறையில் ஒட்டியிருக்கிற சிப்பியையும் நத்தையையும் தின்கிறான். தின்றால் சில சமயம் தங்கும், சில சமயம் வாந்தி. பக்கத்தில் மீன் படகு போகிறது, கத்துகிறான். படகுக்காரர்கள் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். மறுநாளும் வந்து சிரிக்கிறார்கள். பிறகுதான் புரிகிறது: அது ஏற்றவற்றத் தீவு. கடல் வற்றும்போது மணலில் நடந்தே அக்கரைக்குப் போய்விடலாம். பையன் உள்நாட்டில் வளர்ந்தவன், அவனுக்குத் தெரியவில்லை. கடலோரப் பிள்ளையாக இருந்தால் ஒரு நாள்கூட அங்கே கிடந்திருக்க மாட்டான் என்று கதையிலேயே எழுதுகிறார். உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், தண்ணீர் நின்ற தடத்தைப் பாறையில் பார்த்தாலே தெரியாதா என்று சிரிப்பார்கள். நம் பக்கம் ஏற்றவற்றம் கம்மி, அங்கே ஆள் உயரத்துக்கு மேல் ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நன்றாக வற்றும், அஷ்டமியை ஒட்டிக் குறைவாக வற்றும் என்பது இரண்டு கரைக்கும் ஒன்றுதான்.

எர்ரைட் நிஜமான இடம். 1870-ல் ஸ்டீவன்சன் அங்கே மூன்று வாரம் தங்கியிருந்தார். சும்மா போகவில்லை. தூரத்தில் டூ ஹார்டக் என்ற பாறைமேல் அவர் அப்பாவும் பெரியப்பாவும் லைட்ஹவுஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கான கருங்கல்லை எர்ரைட்டில்தான் செதுக்கினார்கள். கோபுரத்தில் எந்தக் கல் எங்கே உட்காரும் என்று கரையிலேயே பொருத்திப் பார்த்துவிட்டுப் படகில் ஏற்றுவார்கள். இருபது வயதுகூட ஆகாத பையன், கல் உளிச்சத்தத்துக்கு நடுவே தீவைச் சுற்றி நடந்து பார்த்துவைத்ததைப் பதினாறு வருஷம் கழித்து டேவிட்டுக்குக் கொடுத்தான். அவர் புத்தகங்களில் எதை முதலில் படிக்கலாம் என்று கேட்ட மற்ற மூவருக்கும் இதே பதில்: 'கிட்னாப்ட்'. 'புதையல் தீவை'விட ஒரு படி மேல் என்பது என் கட்சி.

என்ன இருந்தாலும் வெள்ளைக்காரர். தீவில் போய் நிலம் வாங்கி, உள்ளூர் ஆட்களை வேலைக்கு வைத்து எஜமானாக வாழ்ந்தவர்தானே? எதற்கு இவ்வளவு புகழ்ச்சி?
– வாசகர், ராமேஸ்வரம்

நியாயமான கேள்வி. 1890-ல் பசிபிக் கடலில் இருக்கிற சமோவா தீவில் 300 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கி, வைலிமா என்ற இடத்தில் பெரிய வீடு கட்டி, சமோவாக்காரர்களை வேலைக்கு வைத்து, குடும்பத் தலைவர் தோரணையில்தான் வாழ்ந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் எழுதியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்போது ஜெர்மனி, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் சமோவாவுக்காக இழுபறி. யாரை ராஜா ஆக்குவது என்பதில் சண்டை. 1889 மார்ச்சில் ஆபியா துறைமுகத்தில் ஏழு போர்க்கப்பல்கள் நின்றன: ஜெர்மனிக்கு மூன்று, அமெரிக்காவுக்கு மூன்று, பிரிட்டனுக்கு ஒன்று. சின்னத் துறை, வடக்கே திறந்த வாய், இரண்டு பக்கமும் பவளப்பாறை. காற்றழுத்தமானி விழுந்துகொண்டே வருகிறது. வெளிக்கடலுக்குப் போனால்தான் தப்பிக்கலாம் என்று எந்த மாலுமிக்கும் தெரியும். ஆனால் எதிரி நிற்கும்போது நாம் முதலில் கிளம்பினால் கௌரவம் என்ன ஆவது? ஒருவரும் நகரவில்லை. புயல் வந்தது. பிரிட்டனின் கலையோபி என்ற கப்பல் மட்டும் இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டி, அங்குலம் அங்குலமாக நகர்ந்து வெளியேறியது. போகிற வழியில், தப்ப வழியில்லாமல் தத்தளித்த அமெரிக்கக் கப்பலிலிருந்து மாலுமிகள் அதற்கு ஆரவாரம் செய்தார்களாம். மற்ற ஆறும் பாறையிலும் கரையிலும் மோதின. அலைக்குள் கைகோத்து இறங்கி மாலுமிகளை இழுத்துப் போட்டவர்கள் சமோவாக்காரர்கள், தங்களோடு சண்டைக்கு நின்ற ஜெர்மானியர்களையும் சேர்த்துத்தான்.

ஸ்டீவன்சன் அந்த வருஷம் டிசம்பரில்தான் அங்கே போய்ச் சேர்ந்தார். பார்த்தவர்களிடம் கேட்டு எழுதி, 1892-ல் வந்த சமோவா வரலாற்றுப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமாக வைத்தார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனதைப் பெரியவர்கள் வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் ராமேஸ்வரத்துக்காரர்கள். அந்த அத்தியாயத்தைப் படித்தால் உங்களுக்கு உடம்பு சிலிர்க்கும். அந்தப் புத்தகத்தில் மூன்று நாட்டு அதிகாரிகளையும் பெயர் சொல்லிக் கிழித்திருக்கிறார். லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கும் கடிதமாக எழுதித் தள்ளினார். நாடு கடத்திவிடுவார்கள் என்ற பேச்சுகூட வந்தது.

ராஜா பதவிப் போட்டியில் அவர் ஆதரித்த மதாஃபாவைத் தோற்கடித்து நாடு கடத்தினார்கள், அவர் பக்கத்துத் தலைவர்களைச் சிறையில் போட்டார்கள். ஸ்டீவன்சன் சிறைக்கே போய் அவர்களுக்கு உணவும் புகையிலையும் கொடுத்து வந்தார். 1894-ல் விடுதலையான அந்தத் தலைவர்கள், அவர் கேட்காமலே, கூலி வாங்காமல், அவர் வீட்டுக்கு ஒரு பாதை போட்டுக் கொடுத்தார்கள். அவர்களும் எஜமான் என்று நினைத்திருந்தால் மண்வெட்டி தூக்கியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். நீங்கள் வேறு மாதிரி நினைத்தாலும் சரி.

வாழ்நாள் முழுக்க நுரையீரல் நோயாளி என்கிறார்களே, எப்படி இவ்வளவு எழுதினார்?
– வாசகி, சாயல்குடி

படுத்துக்கொண்டே எழுதினார். ரத்தம் கக்கும்போது டாக்டர் பேசக்கூடாது என்பார், சைகையில் குடும்பம் நடக்கும். சின்ன வயதில் ஜன்னல் ஓரம் படுத்திருந்தபடி தெருவிளக்கு ஏற்றுகிறவர் ஏணியோடு வருவதைப் பார்ப்பார். பெரியவனானதும் உன்னோடு வந்து விளக்கு ஏற்றுவேன் என்று அதை ஒரு குழந்தைப் பாட்டாகவும் எழுதினார். லைட்ஹவுஸ் வீட்டுப் பிள்ளைக்குத் தெருவிளக்குக்காரர்மேல் ஆசை!

கடைசியில் நுரையீரல் அவரைக் கொல்லவில்லை. 1894 டிசம்பர் 3-ம் தேதி மாலை, வீட்டுத் திண்ணையில் மனைவிக்குச் சமையலில் கைகொடுத்துக்கொண்டிருந்தவர், தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மூளையில் ரத்தக்கசிவு. வயது 44. சமோவாக்காரர்கள் காட்டை வெட்டி வழி செய்து, வயியா மலை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தார்கள்.

என் பிறந்தநாள் டிசம்பர் 25. ஊரே கிறிஸ்துமஸ் கொண்டாடும், என்னை யாரும் கவனிக்க மாட்டார்கள். புத்தாடையும் கேக்கும் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். ஸ்டீவன்சனைப் பற்றிக் கேட்கச் சொன்னார்கள், எனக்குக் கேட்க இதுதான் இருக்கிறது.
– ஏழாம் வகுப்பு மாணவி, பாம்பன்

இதைவிடப் பொருத்தமான கேள்வி வரவில்லை பாப்பா. சமோவாவில் இருந்த அமெரிக்க அதிகாரி ஹென்றி ஐட் என்பவருக்கு ஆனி என்று ஒரு மகள். அவளும் டிசம்பர் 25. அவளுக்கும் இதே வருத்தம். ஸ்டீவன்சன் 1891-ல் முத்திரை, சாட்சிக் கையெழுத்து எல்லாம் வைத்து ஒரு பத்திரம் எழுதினார். எனக்குப் பிறந்தநாளே பிடிக்காத வயது வந்துவிட்டது, ஆகவே நவம்பர் 13 என்ற என் பிறந்தநாளை, அதில் உள்ள சகல உரிமைகளோடும், மேற்படி ஆனிக்கு எழுதித் தருகிறேன், இனி நல்ல துணி, நல்ல சாப்பாடு, பரிசு, வாழ்த்து எல்லாம் அவள் அனுபவிக்கலாம் என்று. கைம்மாறாக, அவள் தன் பெயரோடு லூயிஸா என்று சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். ஒழுங்காகக் கொண்டாடாவிட்டால் அந்தப் பிறந்தநாள் அமெரிக்க ஜனாதிபதிக்குப் போய்விடும் என்றும் ஒரு ஷரத்து உண்டு. அவர் படித்த வக்கீல் படிப்பு உருப்படியாகப் பயன்பட்டது இந்த ஒரு பத்திரத்துக்குத்தான் என்று நினைக்கிறேன்.

என்னுடையதை உனக்கு எழுதித் தரலாம் என்றால், என் பிறந்தநாள் ஜூன் 1. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட தேதி, பத்திரம் செல்லாது. உங்கள் தெருவில் பிறந்தநாள் வேண்டாம் என்று சொல்கிற பெரிய மனிதர் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்துப் பார்.